வண்டலுக்கு யார் பொறுப்பு

ஆற்றங்கரைப் பிரிவில் முதல் வேலை கிடைத்திருக்கிறது என்று போன வாரம் ஒரு தங்கை எனக்குப் போன் செய்தாள். குரலில் அவ்வளவு சந்தோஷம். ஆறு என்றால் தண்ணீர் என்று நினைத்துவிட்டாள், பாவம். தண்ணீரால் நமக்கு அவ்வளவு தொல்லை இல்லை, அது வரும், போகும். வந்து உட்கார்ந்துகொள்வது மண்தான். அந்த மண் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிட்டு, மாலையும் பொன்னாடையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் நம்மில் நிறையப் பேர். நானும் அப்படிப் போயிருப்பேன், நல்லசாமியின் படகு என்னை விடவில்லை. புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்குமாக அந்தக் கதையைச் சொல்கிறேன்.

மேட்டூரிலிருந்து கீழே வர வர, காவிரியை மறித்து வரிசையாகக் கதவணைகள் இருக்கின்றன. அதில் ஒன்றில் நான் பொறியாளராக இருந்தேன். ஷட்டர்களை இறக்கிவிட்டால் தண்ணீர் பின்னால் தேங்கி ஏரிபோல நிற்கும். அதில் விசைப்படகு ஓடும். இக்கரைப் பெண்கள் அக்கரையில் மஞ்சள் விளையும் காடுகளுக்குக் களை எடுக்கப் போவது படகில்தான். பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனால் பாதிக் கூலி பஸ்ஸுக்கே சரியாகிவிடும்.

எங்கள் பக்கம் படகு விட்டவர் நல்லசாமி. ஆற்றோரத்துத் தென்னந்தோப்பு அவருடைய பட்டா நிலம். தோப்பின் ஓரத்தில் சொந்தச் செலவில் படி கட்டி, படகுத்துறை அமைத்திருந்தார். கரை அவருடையது, தண்ணீர் அரசாங்கத்துடையது, படகு ஓட்டும் உரிமை ஏலத்தில் எடுத்தது. இதில் ஒருவருக்கும் சேராத ஒன்று உண்டு. பக்கத்து ஓடை மழைக்கு மழை அடித்துக்கொண்டு வந்து படிக்கட்டுக்கு முன்னால் கொட்டிவிட்டுப் போகும் வண்டல்.

வருஷத்துக்கு ஒரு முறை ஷட்டர் பராமரிப்புக்காகத் தேங்கிய தண்ணீரை வடிப்பார்கள். அப்போது படகுத்துறைக்காரர்கள் அவரவர் துறையைத் தூர்வாரிக்கொள்ள வேண்டும் என்று எங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் போகும். காலங்காலமாகப் போகிற கடிதம். வாரிய மண்ணை எங்கே கொட்டுவது என்று மட்டும் அதில் ஒரு வரியும் இருக்காது.

நான் அந்தப் பிரிவுக்கு மாற்றலாகி வந்தபோது தண்ணீர் மறுபடி ஏறியிருந்தது. துறைக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு நடுவே, சிவப்புத் துணி கட்டிய குச்சிகள் வரிசையாக நின்றன. என்ன அது என்று நல்லசாமியிடம் கேட்டேன்.

“மேடுங்க அம்மணி. தண்ணிக்குள்ள கெடக்குது. நாந்தான் கொட்டி வெச்சேன்.”

எனக்குச் சொந்த ஊர் கெங்கவல்லிப் பக்கம், அங்கே இந்தக் கொங்குப் பேச்சு இல்லை. அவர் ‘அம்மணி’ என்றதும் என்னை அதட்டுகிறாரா, மரியாதை கொடுக்கிறாரா என்று முதல் நாள் எனக்கு விளங்கவில்லை. மரியாதைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“ஆத்துக்குள்ளயேவா கொட்டுவீங்க?” என்றேன்.

“வேற எங்கீங்க கொட்டறது? மண்ண வாரோணும்னு உங்க ஆபீசுல காயிதம் குடுத்தாங்க. வாரி வெளிய கொண்டாந்தா மணல் திருட்டுங்கறாங்க. என்ற தோப்புக்குள்ள கொட்டுனாலும் கேசுங்கறாங்க. வாரோணும், ஆனா எடுக்கக்கூடாது. அந்த வித்தைய நீங்களே சொல்லிக் குடுங்க, கத்துக்கறேன்.”

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அங்கே மேலே ஒரு முழத்துக்கு வண்டல், அதற்குக் கீழே நல்ல ஆற்று மணல். வண்டலுக்கு என்று மண்வெட்டியைப் போட்டால் மணல் வந்துவிடும். காவிரி மண்ணோடு ஒரு டிராக்டர் ரோட்டில் ஏறினால் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்தில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அதனால் நல்லசாமி படகு வந்து போவதற்கு மட்டும் ஒரு தடம் வெட்டி, வெட்டிய மண்ணைத் தடத்தின் தென்புறம் ஆற்றுக்குள்ளேயே குவித்துவிட்டார். தண்ணீர் ஏறியதும் அந்த மேடு மூழ்கிப் போயிற்று. எல்லாத் துறைக்காரர்களும் அப்படித்தான் செய்தார்கள். சட்டத்துக்குப் பயந்தவர்கள் செய்யக்கூடிய தப்பு அது. பயமில்லாதவன் ராத்திரியோடு ராத்திரியாக லாரியில் ஏற்றியிருப்பான், ஆற்றில் மேடும் இருந்திருக்காது!

நான் சும்மா இருக்கவில்லை. அந்த மேட்டை எடுக்க வழி கேட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். வருவாய்க்காரர்கள் கனிமவளத்தைக் கைகாட்டினார்கள். கனிமவளக்காரர்கள், ஆறு உங்களுடையது, எங்களை ஏன் கேட்கிறீர்கள் என்றார்கள். ஏலம் விட்டவர்கள், நாங்கள் விட்டது படகைத்தான், மண்ணை அல்ல என்றார்கள். எல்லோரும் நல்லவர்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆனால் ‘இந்த மண் என்னுடையது’ என்று எவர் வாயும் திறக்கவில்லை. சொன்னால் அடியில் இருக்கும் மணலுக்கும் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? அடுத்த முறை தண்ணீர் வடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விஷயம் நின்றது.

ஆடி மாதம் பிறந்தது. மேட்டூர் நிரம்பி, உபரி நீர் திறக்கப்போகிறார்கள் என்று காலையில் தகவல் வந்தது. இப்படி வரும்போது வெள்ளத்துக்கு வழிவிட நாங்கள் ஷட்டர்களை முன்கூட்டியே தூக்கிவிடுவோம். தூக்கியதும் தேங்கிய தண்ணீர் சரசரவென்று இறங்கும். பிறகு மேலிருந்து வெள்ளம் வந்து ஆறு மறுபடி ஏறும். நடுவில் கிடைக்கும் இடைவெளி கொஞ்சம்தான். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவை அனுப்பி எச்சரிக்கை சொன்னோம். படகு ஓட்டத் தடை போட்டோம். எல்லாம் முறைப்படி செய்தாயிற்று. விடியற்காலையிலேயே படகேறி அக்கரைக்குக் களை எடுக்கப் போன பெண்கள் எப்படித் திரும்புவார்கள் என்று மட்டும் அந்த அறையில் இருந்த ஒருவரும் கேட்கவில்லை. தம்பி தங்கைகளே, எங்கேயாவது போக்குவரத்தை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறபோது, அந்தப் பக்கம் யார் மாட்டியிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

நல்லசாமி கேட்டார். போனில் பெண்கள் அழைத்ததும், வெறும் படகை எடுத்துக்கொண்டு போய் அவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாங்கள் ஷட்டரைத் தூக்கியிருந்தோம்.

கரையிலிருந்து சத்தம் கேட்டு நான் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது, படகு அந்த மேட்டில் ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. தடத்துக்கு நேராகத்தான் வந்திருக்கிறார். வடிகிற தண்ணீரின் இழுப்பு படகைத் தெற்கே தள்ள, அவர் கொட்டிய மண்ணே அவரைப் பிடித்துக்கொண்டது. படகு நிறையப் பெண்கள். கரைக்கும் படகுக்கும் கூப்பிடு தூரம்தான். ஆனால் நடுவில் தண்ணீர் வடிந்து, கருகருவென்று சேறு. இறங்கினால் இடுப்பு வரை வாங்கும். அதற்குள் ஒருத்தி இறங்கக் காலைத் தூக்கிவிட்டாள். 

கரைச் சத்தத்தில் என் குரல் எட்டவில்லை. எச்சரிக்கை சொல்ல வந்து கரையில் நின்ற ஆட்டோவின் மைக்கைப் பிடுங்கிப் பட்டனை அழுத்தினேன். “காவிரிக் கரையோர மக்களின் கனிவான கவனத்திற்கு” என்று பதிவு செய்து வைத்த குரல் ஆரம்பித்துவிட்டது. ஆற்றில் குளிக்க வேண்டாம், துணி துவைக்க வேண்டாம், செல்பி எடுக்க வேண்டாம் என்று நிதானமாக அது சொல்லி முடிக்கும் வரை, சேற்றில் சாய்ந்த படகிலிருந்து அத்தனை பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று அந்த ஆட்டோவை ஆற்றில் தள்ளியிருப்பேன். 

குரல் ஓய்ந்ததும், “யாரும் எறங்காதீங்க! படகுலயே உட்காருங்க!” என்று கத்தினேன். களை எடுக்கும் பெண்களுக்குத் தலைவி பாவாயி, காலைத் தூக்கியவளின் சேலையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கரையில் ஊரே கூடிவிட்டது. எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு, ஷட்டரை இறக்கு, தண்ணீர் ஏறினால் படகு தானாக மிதக்கும். பாவாயியின் புருஷன் காளியப்பன் என் முகத்துக்கு நேரே வந்து நின்றான்.

“இத்தன பேரு சொல்றமே, காதுல ஏறலியா? உன்ற ஷட்டரு பெருசா, என்ற பொண்டாட்டி பெருசா?”

ஷட்டரை இறக்குவதுதான் கைக்கு எட்டிய வழி. கேட்கவும் நியாயமாக இருந்தது. போனை எடுத்து எங்கள் பெரிய என்ஜினியரைக் கூப்பிட்டேன். கண்டிப்பானவர், அதிகம் பேசாதவர். நிலைமையைச் சொன்னேன்.

“அங்க நிக்கிறது நீங்கம்மா. இங்கிருந்து எனக்கு ஸ்கிரீன்தான் தெரியுது, படகு தெரியல. நீங்க பாக்கறத வச்சு முடிவெடுங்க. நாளைக்குக் கேள்வி வந்தா அது என்கிட்ட வரட்டும்.”

இத்தனை வருஷத்தில் நான் கேட்ட உத்தரவுகளிலேயே பெரிய உத்தரவு இதுதான். அவர் ஒரு வழியைச் சொல்லியிருந்தால் நான் அதைச் செய்துவிட்டுப் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பேன். சொல்லாமல் விட்டதால் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று.

பார்த்தேன். ஷட்டரை இறக்கினால் உடனே தண்ணீர் ஏறிவிடாது. அவ்வளவு பெரிய பரப்பு நிரம்ப நேரம் பிடிக்கும். அது நிரம்புவதற்கும் மேலே இருந்து வெள்ளம் வருவதற்கும் சரியாக இருக்கும். படகு மிதக்கிற நேரத்தில் வெள்ளமும் வந்தால், சேறு அடைத்த இன்ஜினை வைத்துக்கொண்டு அதை யார் பிடிப்பது? மாட்டிக்கொண்டு நிற்கிற படகு ஆபத்துதான். ஆனால் நிற்கிறது. மிதந்துவிட்டால் அது நம் கையில் இல்லை. ஷட்டர் திறந்தே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். சொன்னதும் காளியப்பன் வைத வசவுகளை இங்கே எழுத முடியாது.

படகு வராவிட்டால் கரையைத்தான் படகுக்குக் கொண்டு போக வேண்டும். தோப்பில் விழுந்து கிடந்த தென்னை மட்டைகள் கண்ணில் பட்டன. மட்டைகளைச் சேற்றில் போடுங்கள் என்றேன். என்னைத் திட்டிக்கொண்டிருந்த ஊர் திட்டிக்கொண்டே தூக்க ஆரம்பித்தது. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று என்று போட்டுப் போட்டு முன்னேறினார்கள். மட்டை முழுகிய இடத்தில் காய்ந்த கரும்பு இலையான சோகைக் கட்டுகளைப் போட்டார்கள். அதுவும் முழுகிய இடத்துக்கு வீடுகளிலிருந்து கயிற்றுக் கட்டில்கள் வந்தன. காளியப்பன்தான் முன்னால் நின்றான். வாயும் ஓயவில்லை, கையும் ஓயவில்லை.

பாதை படகைத் தொட்டதும் அடுத்த சண்டை. யார் முதலில் இறங்குவது? ஒல்லியாக இருப்பவர்கள் முதலில் வரட்டும் என்று நான் ஒலிபெருக்கியில் சொன்னேன். பாவாயி எழுந்து நின்றாள்.

“இருக்கறதுலயே கனம் நாந்தானுங்க அம்மணி! எனக்குத் தாங்குச்சுன்னா எல்லாத்துக்கும் தாங்கும். நான் வாரேன்.”

அவள் இறங்கிவிட்டாள். கட்டில் ஒரு பக்கம் அமுங்கியது. அவள் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு, சாணி மெழுகிய வாசலில் நடக்கிற மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்து வந்தாள். பாதி வழியில் நின்று திரும்பி, “வாங்க சாமி, கெட்டியாத்தான் இருக்குது” என்று மற்றவர்களைக் கூப்பிட்டாள். அப்புறம் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக எல்லோரும் வந்தார்கள். சோறு கொண்டுபோன தூக்குப் போசியையும் களைக்கொத்தையும் ஒருத்தியும் விட்டுவிட்டு வரவில்லை.

கடைசியில் நல்லசாமி. படகிலிருந்து கயிற்றை இழுத்து வந்து, கரையில் ஒரு தென்னையில் கட்டினார். கட்டிவிட்டு அந்த மரத்தையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் முதுகுக்குப் பின்னால் ஆறு ஏறியது. மட்டை, சோகை, கட்டில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிற்று. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்பார்களே, அதுதான். நான் ஜீப்புக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். துக்கத்தில் இல்லை. அப்படி ஒரு நிம்மதி, அதற்கு அழுகையைத் தவிர வேறு பேர் தெரியவில்லை. யாரோ தோளைத் தட்டினார்கள். காளியப்பன் சீவிய இளநீரோடு நின்றான்.

“குடிங்க. பேசுனது தப்புத்தானுங்க. ஆனா ஒண்ணு, அந்தக் கட்டலு எங்க மாமனாரு ஊட்டுச் சீருங்க.”

குடித்தேன்.

ஆபத்து போனால் கேள்வி வரும். தாலுகா அலுவலகத்தில் எல்லா அலுவலகக்காரர்களையும் கூட்டினார்கள். நல்லசாமியையும் வரச் சொன்னார்கள். தடையை மீறிப் படகு எடுத்தார், ஆற்றுக்குள் மண்ணைக் கொட்டினார், ஆகவே உரிமத்தை ரத்து செய்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். மற்றவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. ஊருக்கு இளைத்தவன் கிடைத்துவிட்டால் கூட்டம் சீக்கிரம் முடியும் அல்லவா? நல்லசாமி கதவோரம் நின்றுகொண்டிருந்தார். படகு போனால் அவருக்குத் தோப்பாவது இருக்கிறது. அந்தப் பெண்களுக்கு அக்கரை வேலை அத்தோடு சரி. 

பெரிய என்ஜினியர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன்.

“துறை அவரோடது. வாருற செலவு அவரோடது. அதுல சந்தேகம் இல்லைங்க. ஆனா வாருன்னு சொன்னது நாம. எடுத்துட்டுப் போகாதேன்னு சொன்னதும் நாம. அப்ப அந்த மேடு நம்மோடது. உரிமத்தை ரத்து பண்றதா இருந்தா முதல்ல நம்ம கடிதத்தை ரத்து பண்ணுங்க.”

யாரும் கைதட்டவில்லை. ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். பெரிய என்ஜினியர் மட்டும், “மேடு எங்களோடதுன்னே எழுதிக்கோங்க” என்றார். ஒருவர் தலையைக் கொடுத்துவிட்டால் மற்றவர்களுக்குக் கை கொடுப்பது சுலபம். அடுத்த முறை தண்ணீர் வடிக்கும்போது எல்லா அலுவலகத்திலிருந்தும் ஆள் வந்து துறையில் நிற்பது, வண்டலை மட்டும் விவசாயிகள் காட்டுக்கு எடுத்துப் போக அனுமதிப்பது, மணல் தலைகாட்டியதும் நிறுத்துவது என்று பேசி முடித்தோம். படகுக்கு உரிமம் தப்பியது.

சொன்னபடியே நடந்தது. கோடையில் தண்ணீர் வடிந்தது. பொக்லைன் வாளி வண்டலை வழிக்க வழிக்க, நான் பள்ளத்திலேயே நின்றேன். கறுப்பு மாறி வெளுப்புத் தெரிந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினேன். மேடு இருந்த இடமே தெரியாமல் போயிற்று. வண்டல் மஞ்சள் காட்டுக்கும் வாழைக் காட்டுக்கும் பகலிலேயே, போலீஸ் பார்க்கப் பார்க்கப் போனது. துறை சுத்தமாகிவிட்டது என்று நான் கையெழுத்துப் போட்டேன். ஷட்டரை இறக்கினார்கள், தண்ணீர் ஏறியது.

முதல் நாள் படகைப் பார்க்கப் போயிருந்தேன். பெண்கள் போசியோடு படியில் நிற்கிறார்கள், ஒருத்தியும் ஏறவில்லை. போன வருஷத்துப் பயம். நல்லசாமி படகில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“மேடு போயிருச்சுன்னு கையெழுத்துப் போட்டது ஆருங்க?”

“நாந்தான்.”

“அப்ப நீங்க ஏறுங்க அம்மணி. நீங்க ஏறுனா அவுங்க ஏறுவாங்க.”

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு நீச்சல் தெரியாது. உத்தியோகம் முழுக்க ஆற்றங்கரையில் பார்த்தும் கற்றுக்கொள்ளவில்லை, அதுவரை ஒரு படகில் ஏறியதும் இல்லை. பேசாமல் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறினேன். எனக்குப் பின்னால் பாவாயி ஏறினாள், படகு ஒரு ஆட்டம் ஆடியது. பிறகு எல்லோரும் ஏறினார்கள்.

துறையை விட்டுக் கொஞ்சம் விலகியதும் நல்லசாமி தடத்தை விட்டு வேண்டுமென்றே தெற்கே திருப்பினார். மேடு இருந்த இடத்துக்கு மேலே கொண்டு போய் இன்ஜினை நிறுத்தினார். நான் பலகையைப் பிடித்திருந்த கை வலித்தது. அவர் ஒரு நீளக் கழியை எடுத்துத் தண்ணீருக்குள் விட்டார். கழி இறங்கியது. இன்னும் இறங்கியது. அவர் குனிந்து, முழங்கை நனையும் வரை கையைத் தண்ணீருக்குள் விட்டார். அப்படியே தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார்.

“தட்டலீங்க அம்மணி” என்றார்.